நலம் விசாரிக்கும் நாற்காலி

என் நெஞ்சில் மூன்று அடைப்பு இருப்பது தெரிந்த வாரத்திலேயே ஆத்தூரில் என் மதிப்பு உயர்ந்துவிட்டது. அதற்கு முன் ஐம்பத்தாறு வருடம் ஆரோக்கியமாக இருந்தேன். ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

எனக்குச் சாக்குக் கடை. பழைய சாக்குகளை வாங்கி, தூசி தட்டி, ஓட்டை தைத்து, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிகளுக்குக் கொடுப்பது தொழில். சாக்கு பேசாது, அதனால்தான் இவர் இந்தத் தொழிலில் முப்பது வருடம் தாக்குப்பிடித்தார் என்று என் மனைவி ரபியா சொல்வாள். அடுக்கில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். வாடிக்கையாளர் இரண்டு முறை கனைத்தால் பக்கத்தைப் பார்ப்பேன், மூன்றாம் முறை கனைத்தால் அவரைப் பார்ப்பேன். கரீம் பாஷா ஊமையா என்று புதிதாக வந்த லோடுமேன்கள் பக்கத்துக் கடையில் விசாரிப்பதுண்டு.

ஐப்பசி தொடக்கத்தில் மாடிப்படியில் பாதியில் மூச்சு நின்றுபோனது. ரபியா என்னைச் சேலத்துக்கு இழுத்துப்போனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் செய்தாக வேண்டும் என்றார். "தள்ளிப்போட்டீங்கன்னா அடுத்த தடவை ஆம்புலன்ஸ்ல வருவீங்க. இல்லாட்டி வரவே மாட்டீங்க." பிறகு பேனாவை மூடியபடியே, "ஆபரேஷன் சமயத்துல இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்போம். மெஷின் பார்த்துக்கும்" என்றார். கிணற்று மோட்டாரை நிறுத்துவதைப் பற்றிப் பேசுவது போலத்தான் சொன்னார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை என்பதால், அன்று நான் ஒன்றும் சொல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அல்லாஹ் பார்த்துக்குவான். நான் தவக்குல் வச்சுட்டேன்" என்றேன். தவக்குல் என்றால் காரியத்தை இறைவனிடம் ஒப்படைத்துவிடுவது. நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஒப்படைப்பது என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. முதல் பாதியை நான் கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் எனக்காகக் கையேந்தித் துஆ கேட்டார்கள். ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் என் பழைய ரேஷன் கார்டு போட்டோவைப் போட்டு, நோய் நீங்கி ஷிஃபா கிடைக்க அனைவரும் துஆ செய்யவும் என்று எழுதினார்கள். அந்தப் போட்டோவில் நான் ஏற்கெனவே மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவன் போலத்தான் இருப்பேன். மாலையிலேயே கூட்டம் வரத் தொடங்கியது.

நோயாளியை விசாரிக்கப் போகிறவருக்காக எழுபதாயிரம் மலக்குகள், அதாவது வானவர்கள், துஆ செய்கிறார்கள் என்று நபி சொன்ன ஹதீஸ் இருக்கிறது. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். விசாரிக்கப் போனால் சீக்கிரம் எழுந்து வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. இது ஒருவருக்கும் தெரியாது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். முதல் வாரத்தில் அதன் சூடு ஆறவே இல்லை. எங்கள் தெருவுக்கு மேலே எத்தனை லட்சம் மலக்குகள் நின்றிருப்பார்கள் என்று படுத்தபடியே கணக்குப் போட்டுப் பார்ப்பேன். நல்லவேளை, அவர்களுக்கு டீ போட வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ரபியா போட்டாள்.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. மரணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் மருந்தென்று கருஞ்சீரக எண்ணெய் மட்டும் பதினோரு பாட்டில் சேர்ந்தது. தேன் நான்கு. ஜம்ஜம் தண்ணீர் மூன்று கேன். "உங்க பாவமெல்லாம் இலை உதிர்ற மாதிரி உதிருது பாய்" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னார். என்னிடம் அவ்வளவு இலை இருக்கும் என்று அவர் முன்பே கணித்து வைத்திருந்தது போலிருந்தது.

இரண்டாம் வாரம்தான் விஷயம் திரும்பியது. பள்ளிவாசல் செயலாளர் வந்தார். டீயைக் குடித்தார். எழுந்தவர், மறுபடி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாய், நோயாளியோட துஆ மலக்குகளோட துஆ மாதிரியாம். உடனே கபூலாகுமாம், பலிச்சுடுமாம். நம்ம சின்ன மவளுக்கு வரன் தட்டிட்டே போவுது. ஒரு வார்த்தை கேளுங்களேன்."

நான் கையேந்திக் கேட்டேன். நாலு நாளில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டாரோடு ஆறு மாதமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் பெயரை மட்டும் சொன்னார்.

அதன்பின் விசாரிப்பு என்பது ஒரு மரியாதைக்காக மட்டும் மிஞ்சியது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் விஷயத்துக்கு வந்தார்கள். பரீட்சை, பாஸ்போர்ட், ஓடிப்போன ஆடு, வராத மாதவிலக்கு, வந்துவிட்ட மாமியார். ஜமாஅத் தேர்தலில் நிற்கும் இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தார்கள். இருவருக்கும் கேட்டேன். யார் வென்றாலும் நான் கேட்டது பலித்ததாகிவிடும்.

என் அக்கா மகன் நயீம் செல்போன் கடை வைத்திருக்கிறான். மார்க்கத்தில் கறார். தாயத்து கட்டியவனைக் கண்டால் கத்தரிக்கோல் தேடுவான். அவன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, இவங்க சொல்ற அந்த ஹதீஸ் லயீஃபு. பலவீனமானது. அறிவிப்பாளர் வரிசையில அறுந்து போயிருக்கு. உங்களை ஒரு தர்கா ஆக்கிடுவாங்க, பாத்துக்குங்க."

"சரிப்பா."

"நானா இருந்தா ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன்."

"சரிப்பா."

வாசல்வரை போனவன் செருப்பை மாட்டியபடி திரும்பினான். "மாமா, துபாய் விசா ஒண்ணு போட்டிருக்கேன். இதுக்காக இல்ல, பொதுவா சொல்றேன். நீங்க யாருக்காகக் கேட்டாலும் கேட்கலாம்ல, அதுல தப்பில்ல."

அவனுக்கும் கேட்டேன். பலவீனமாகத்தான் கேட்டேன்.

விஷயம் எங்கள் ஜமாஅத்தோடு நிற்கவில்லை. என்னிடம் சாக்கு வாங்கும் சிவக்குமாருக்கு ராசிபுரம் பக்கம் சொந்த ஊர். ஆத்தூரை ஒட்டி சேகோ ஃபேக்டரி நடத்துகிறார். ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க பாய், ஒடம்பு எப்படிங்க இருக்குது?"

"பரவாயில்லைங்க."

"பரவாயில்லைன்னுட்டு எந்திரிச்சு கிந்திரிச்சுப் போடாதீங்க. அரைச்ச மாவெல்லாம் ஜவ்வரிசியாகித் தளத்துல கெடக்குதுங்க. மூணு நாளு வெயிலு அடிச்சாப் போதுமுங்க. புயலுங்கறான், தாழ்வுங்கறான். நீங்க ஒரு வார்த்தை மேல சொல்லிப் போடுங்க."

சொல்லிப் போட்டேன். வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் என் பேச்சைக் கேட்டோ கேட்காமலோ ஆந்திராவுக்குப் போய்விட்டது. மூன்று நாள் வெயில் கொளுத்தியது. நான்காம் நாள் காலையில் பெரியசாமி வந்தார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கும் விவசாயி. பழம் எதுவும் கொண்டுவரவில்லை, உட்காரவும் இல்லை.

"மழையை நிறுத்தினது நீதானாமே?"

"அண்ணே, நான் எங்க..."

"ஃபேக்டரிக்காரன் காய வைக்கணும்னா ஊர் மழையை நிறுத்திருவியா? பேரன் மாதிரி வளத்த கெழங்குய்யா. மண்ணு காஞ்சு கட்டியாக் கெடக்குது. நானும் நோயாளிதான், மூலம் இருக்குது. நான் கேட்டா நடக்க மாட்டேங்குதே, அது ஏன்?"

 நோய்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அவருக்காக மழையும் கேட்டேன். அன்றிலிருந்து வானம் குழம்பிப்போய் மூட்டமாகவே நின்றது. காயவும் இல்லை, நனையவும் இல்லை.

இவ்வளவையும் கிண்டலாகச் சொல்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது. ஐம்பத்தாறு வருடமாக நான் பேசாமல் இருந்தது சோம்பல் என்றும் திமிர் என்றும் சொன்னவர்கள், இப்போது அதே மௌனத்தை சபுர் என்றார்கள். "என்ன பொறுமை! ஒரு முனகல் உண்டா?" என்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிறாரே, தனக்கென்று ஒரு வார்த்தை கேட்கிறாரா பாருங்கள் என்றார்கள். அதுவும் உண்மை. எனக்காக நான் கேட்கவே இல்லை. கேட்டால், போய் ஆபரேஷன் செய்துகொள் என்று பதில் வந்துவிடுமோ என்றிருந்தது.

ஆபரேஷன் எப்போது என்று கேட்பதையும் ஊர் நிறுத்திவிட்டது. செயலாளர் மட்டும் அக்கறையாக, "அவசரப்படாதீங்க பாய். வர்ற பதினஞ்சாந்தேதி நிச்சயதார்த்தம் வச்சிருக்கோம். அதுவரைக்கும் இப்படியே இருங்க" என்றார்.

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் ஒருநாள் வந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர், ஸ்கூட்டரில் ஹெல்மெட்டோடு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தொப்பி போட்டுக்கொண்டார். என் நெற்றியில் கைவைத்து, மனிதர்களின் இரட்சகனே, இந்த வேதனையைப் போக்கு, நீயே குணமளிப்பவன் என்று அரபியில் ஓதினார். டீ வேண்டாம் என்றார்.

"ஆபரேஷன் தேதி வாங்கிட்டீங்களா?"

"தவக்குல் வச்சிருக்கேன் ஹஜ்ரத்."

"தேதி வாங்கிட்டும் வைக்கலாமே. மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கலன்னு ரசூலுல்லாஹ் சொல்லியிருக்காங்க. மருந்தை இறக்கினவன்கிட்ட மருந்து வேணாம்னு சொல்றது எப்படி ஒப்படைக்கறதாகும்?" கொஞ்சம் நிறுத்தி, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல."

ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். தனக்காக ஒரு துஆவும் கேட்கவில்லை. அவர் போன பிறகு எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. என் நோய் அவருக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

டாக்டர் சொன்ன மாதத்தில் இருபத்துநான்கு நாள் போயிருந்தது. அன்று மாலை அஸர் தொழுகைக்கு முன் ஒரு அம்மா தன் மகனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்க வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை எட்டுப் போட்டுத் தோற்றிருந்தான். கையேந்திப் பாதி கேட்டபோது என் நெஞ்சின் நடுவில் யாரோ கோணி ஊசியை இறக்கி மெதுவாகத் திருகினார்கள். இடது கை மரத்தது. நான் துஆவைச் சுருக்கி ஆமீன் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு அதிருப்தி. "இவ்வளவுதானா?" என்றார். புன்னகைத்தேன். வியர்வை காதுக்குள் இறங்கியது. நாக்குக்கடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு, வலி போகும்வரை சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ கிளாஸை எடுக்க வந்த ரபியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அந்த அம்மா போனதும் ரபியா தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, வெளியே போகும்போது போடுகிற நல்ல முக்காட்டைப் போட்டிருந்தாள். கட்டிலில் உட்காராமல் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள்.

"வஅலைக்கும் ஸலாம். என்ன ரபியா இது?"

"நோய் விசாரிக்க வந்திருக்கேன். ஒடம்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"நல்லது. ஊருக்கெல்லாம் கேட்டீங்க. ஓடிப்போன ஆட்டுக்குக்கூடக் கேட்டீங்க. முப்பது நாளா அடுப்படியில நின்னு டீ போட்டவளுக்கு ஒண்ணு கேட்பீங்களா?"

"இருபத்துநாலு நாள்தான் ஆச்சு."

"எண்ணிட்டுத்தான் இருக்கீங்க, அப்ப." அவள் குரல் உயரவில்லை. "நான் சொல்றேன், நீங்க கையேந்திச் சொல்லுங்க. யா அல்லாஹ்."

கையை ஏந்தினேன். வேறு வழி இல்லை. "யா அல்லாஹ்" என்றேன்.

"ரபியாவோட புருஷனுக்குப் பயமா இருக்கு."

நான் காலண்டரைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. பயமா இருக்கு, அதுக்குத் தவக்குல்னு பேர் வச்சிருக்கான். அந்தப் பேரைத் திருப்பி எடுத்துக்க. பயந்துட்டேன்னு ஒத்துக்கற தைரியத்தை அவனுக்குக் கொடு. சொல்லுங்க, கபூலாகுதா இல்லையான்னு பார்த்துடலாம்."

 தெருவில் ஒரு மினி லாரி பின்னால் வருவதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டே நகர்ந்தது. யாரோ கதவைத் தட்டி, "பாய் தூங்கறாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் கைகள் அந்தரத்தில் நின்றிருந்தன. நான் மௌனத்தை விரும்புகிறவன்தான். ஆனால் அன்றைய மௌனத்தில் என்னால் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியவில்லை.

"நிறுத்தி வைப்பாங்களாம் ரபியா" என்றேன்.

"எதை?"

"இதயத்தை. கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரம் நான் எங்க இருப்பேன்?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ எரிச்சலாக என்னைப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு வருசமா தினம் படுக்கறப்ப பக்கத்துல கேட்டுட்டு வர்றேன். யா அல்லாஹ், உன் பேரால மரிக்கிறேன், உன் பேரால உயிர்க்கிறேன்னு ஓதிட்டுத்தானே கண்ணை மூடறீங்க? தூங்கறப்ப எங்க இருக்கீங்க? யார்கிட்ட கொடுத்துட்டுத் தூங்கறீங்க? இல்ல அது கொசுவர்த்தி கொளுத்தற மாதிரி ஒரு பழக்கமா?"

இத்தனை புத்தகம் படித்தவன் நான். அவள் படிப்பது மளிகைச் சீட்டும் குர்ஆனில் யாசீனும்தான்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"ஆமீன்" என்றாள் ரபியா. முக்காட்டைத் தளர்த்திவிட்டு எழுந்தாள். "புதன்கிழமை போய்ச் சேரணும், மறுநாள் ஆபரேஷன். தேதி போன வாரமே வாங்கிட்டேன். பள்ளிபாளையத்துல இருந்து கௌசியா நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறா. பை கட்டி வச்சாச்சு. கருஞ்சீரக எண்ணெய் பதினொண்ணையும் விசாரிக்க வந்தவங்களுக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்." கௌசியா எங்கள் மகள். அவளுக்குத் தெரிந்திருந்தது. நயீமுக்கும் தெரிந்திருந்தது. என் ஒருவனுக்குத்தான் செய்தி தாமதமாக வந்தது.

புதன்கிழமை காலை வாசலில் காருக்குப் பக்கத்தில் ஊர் நின்றது. முகத்தில் ஒரு நஷ்டம் தெரிந்தது. செயலாளர் தேதியை நான்கு நாள் தள்ள முடியாதா என்று டிரைவரிடம் விசாரித்தார். எட்டுப் போடத் தெரியாத பையனின் அம்மா, மீதித் துஆவையாவது முடித்துவிட்டுப் போகச் சொன்னார். சிவக்குமார் ஜன்னலில் தலையை விட்டார்.

"போறதுக்கு முன்னாடி ரெண்டே நாளு வெயிலுங்க பாய். அப்பறம் நீங்க நல்லாயிட்டீங்கன்னா ஒண்ணுக்கும் ஆகாதுங்க."

மறு ஜன்னலில் பெரியசாமி நின்றிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சிவக்குமாருக்கு நான் என்ன பதில் சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எனக்காகக் கேட்கப் போறேன்" என்றேன்.

இருவரும் முகம் சுளித்தார்கள். அவ்வளவு பொறுமையான மனிதர் கடைசியில் இப்படிச் சுயநலமாகிவிட்டாரே என்று செயலாளர் சொன்னது கார் கிளம்பும்போது காதில் விழுந்தது. வாழப்பாடி தாண்டும்வரை நான் கையேந்தியே இருந்தேன். ஆபரேஷன் வேண்டாம் என்று கேட்கவில்லை. பயத்தோடேயே போகிறேன், அப்படியே ஏற்றுக்கொள் என்றுதான் கேட்டேன். கேட்டுப் பழக்கமில்லாததால் திரும்பத் திரும்ப அதையே கேட்டேன்.

மறுநாள் என்னைக் குளிர்ந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஷாலினி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நர்ஸ் பெண் என் பெயரையும் வயதையும் மூன்றாம் முறையாகக் கேட்டாள். முகத்தில் மூடியை வைத்தார்கள். "என்ன சார் முணுமுணுக்கறீங்க?" என்றாள்.

"தூங்கறப்ப ஓதறதும்மா."

"ஓதுங்க, ஓதுங்க" என்றாள். யா அல்லாஹ், உன் பேரால் மரிக்கிறேன் என்பதுவரை ஓதினேன். அதற்குமேல் ஓத நாக்கு இல்லை.

கண்ணைத் திறந்தபோது ஒரு இயந்திரம் எனக்குப் பக்கத்தில் சீராகக் கூவிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒரு மூட்டைச் சாக்கை ஏற்றி வைத்ததுபோல் கனம். பச்சை அங்கி போட்டுக்கொண்டு யாரோ குனிந்தார்கள். ரபியா. கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் குரல் அவளுடையதுதான்.

"வெளியில சிவக்குமார் வந்திருக்காரு. பெரியசாமி அண்ணனும் வந்திருக்காரு. ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்தாங்களாம். வழியெல்லாம் நல்ல மழையாம். நீங்க யாருக்குக் கேட்டீங்கன்னு அதுலதான் சண்டை."

ஒருவருக்கும் கேட்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாதி ஒன்று இருந்தது. உதடுகளை அசைத்தேன். உன் பேரால்... தொண்டையில் ஏதோ தடுத்தது. மறுபடி அசைத்தேன். மறுபடியும்.

ரபியா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பேசாதீங்க" என்றாள். "தொண்டையில குழாய் இருக்கு. கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் அதைச் சொல்ல நேர்ந்தது அதுதான் முதல் முறை.